ஜவ்வுக்கு ஒன்பது மாதம்

முட்டிக்குள்ளிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். 2003ஆம் ஆண்டு மே மாதம், வியாசர்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துப் போட்டி. எனக்கு வயது 22. வலப்பக்கம் போவதுபோல் காட்டிவிட்டு இடப்பக்கம் வெட்டினேன். பாதம் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, நடுவில் முட்டி மாட்டிக்கொண்டது. என்மீது யாரும் மோதவில்லை, யாருடைய கையும் படவில்லை. அதனாலேயே எதிரணிக்காரர்கள் "நடிக்கிறான், எழுப்பி விடுங்கள்" என்றார்கள். எழுந்து நின்றேன், நான்கு அடி நடந்தேன். ஐந்தாவது அடியில் கால் என்னுடையதாக இல்லை.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: முட்டியின் முன் குறுக்குத் தசைநார், மருத்துவர்கள் ஏசிஎல் என்பது, எங்கள் பக்கத்தில் மொத்தமாக 'ஜவ்வு' என்பது, பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது. மோதலில் அல்ல. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, குதித்து இறங்கும்போது. நடிப்பு என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அடிபட்டவனுக்கே நம்ப முடியாத அடி அது.

அன்று மாலை அத்தை மகன் ஒரு கோணிப்பை நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்தான். காசிமேடு துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்குப் போடுகிற ஐஸ். வீடு முழுக்கச் சங்கரா மீன் வாடை. பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்த முட்டியின்மேல் அதைக் கட்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்து, "அசையாதே" என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கே கற்றான் என்று தெரியாது. ஆனால் அவன் செய்தது அச்சு அசலாக கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் 1978இல் எழுதிவைத்த முறை: ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல். ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ரைஸ்', அதாவது அரிசி. அந்த அரிசியைத்தான் உலகம் முழுக்க நாற்பது ஆண்டுகளாக வடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே மிர்கின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தாமே எழுதினார். வீக்கம் என்பது உடம்பு தன் கொத்தனார்களையும் சித்தாள்களையும் காயத்துக்கு அனுப்பிவைக்கும் வழி. குளிரால் ரத்தக் குழாய்கள் சுருங்கினால் ஆட்கள் வந்துசேரத் தாமதமாகும். சொந்தப் புத்தகத்தில் எழுதியதைச் சொந்த வாயால் மாற்றிக்கொண்ட அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை உண்டு. 2019இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு பிசியோதெரபி ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் புதிய வரிசை ஒன்றை முன்வைத்தார்கள். அதில் ஐஸ் கிடையாது. முதல் சில நாட்கள் காயத்தைக் காப்பாற்று, பிறகு மெல்ல மெல்லப் பாரம் ஏற்று, ரத்த ஓட்டம் கூடும்படி இயங்கு, மனம் தளராதே என்கிறார்கள். அது அவர்களுடைய கருத்துரைதான், ஆட்களை வைத்துச் செய்த பரிசோதனை அல்ல. என்றாலும் பாரம் ஏற்று என்ற பகுதிக்கு ஆதாரம் நிறையவே இருக்கிறது.

ஐஸுக்கு அடுத்தது எங்கள் வழக்கப்படி கட்டு. முதலில் புளியும் உப்பும் மஞ்சளும் காய்ச்சி ரத்தக்கட்டுக்குப் பற்றுப் போட்டார் பாட்டி. பிறகு சுளுக்கு எடுப்பவர் ஒருவர் எண்ணெய் ஊற்றி நீவினார். வலியில் நான் கத்தியது பக்கத்துத் தெருவரை கேட்டதாம். அப்புறம் மாவுக்கட்டு வேண்டாம், புத்தூர்க் கட்டுத்தான் என்று முடிவாயிற்று. முட்டையின் வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பிளாச்சு, துணி. வடசென்னையில் கை கால் முறிந்த வீடுகளில் இந்தக் கட்டைப் பார்க்காதவர்கள் குறைவு.

நான் அதைக் கேலி செய்யப்போவதில்லை. விலகாமல் முறிந்த எலும்பு அசையாமல் இருந்தால் சேர்ந்துகொள்ளும், அது எலும்பின் குணம். கட்டு அந்த அசையாமையைக் கொடுக்கிறது. ஆனால் ஏசிஎல் எலும்பு அல்ல. மூட்டின் நட்டநடுவில், மூட்டுத் திரவத்தில் நனைந்தபடி இருக்கிறது. வெளியே ஒரு தசைநார் அறுந்தால் இரு முனைகளுக்கும் நடுவில் ரத்தம் உறைந்து ஒரு பாலம் கட்டும், அதன்மேல் புதுத் திசு வளரும். மூட்டுக்குள் அந்தப் பாலம் நிற்பது அரிது. கட்டின் புண்ணியத்தில் வீக்கம் வடிந்துவிடும், வலியும் போய்விடும், குணமாகிவிட்டது என்றும் தோன்றும். அந்தத் தோற்றத்தில்தான் நான் ஏமாந்தேன். மூன்று வாரத்தில் கட்டுப் பிரித்தார்கள், நான்காவது மாதம் மைதானத்தில் இருந்தேன். முட்டி அவ்வப்போது கழன்றுபோவதுபோல் இருக்கும். கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஆடினேன். ஏழாவது ஆட்டத்தில் மறுபடியும் சத்தம். இந்த முறை இரண்டு எலும்புக்கும் நடுவில் வாஷர்போல் இருக்கும் மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தது.

அப்போதுதான் முதன்முதலாக ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். என் காலைப் படுக்கவைத்து, முட்டியைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து இன்னொரு கையால் கெண்டைக்காலை முன்பக்கம் இழுத்தார். நல்ல காலில் அந்த இழுப்பு கதவுத் தாழ்ப்பாள் போல டக்கென்று நின்றது. மற்றதில் நிற்கவே இல்லை, மேஜை டிராயர் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. லாக்மன் சோதனை என்று பெயர். பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்மனிடம் கற்றவர்கள் 1976இல் எழுதிவைத்தது. இதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பழகிய இரண்டு கை போதும். முதல் நாளே யாராவது இதைச் செய்திருந்தால், என்று எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். ஸ்கேனுக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் ஆகும் என்று சொன்ன தொகை, மில் வேலை போய்க் காவலாளியாக இருந்த அப்பாவின் ஓராண்டுச் சம்பளத்தைவிட அதிகம். நான் விளையாட்டை விட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. பத்து ஆண்டு கழித்து ஒரு கணக்காளர் வேலையில் உட்கார்ந்துகொண்டு, இணையத்தில் முட்டியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். வலிக்கிறவன் படிக்கிற படிப்பு வேறு மாதிரி இருக்கும்.

முதலில் என்னை உலுக்கியது ஸ்வீடன் நாட்டு ஆய்வு. 2010இல் வெளிவந்தது. 18 முதல் 35 வயதுவரையுள்ள, ஏசிஎல் அறுந்த 121 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனடி அறுவைச் சிகிச்சையும் பயிற்சியும். மற்றவர்களுக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டு முடிவில் வலி, செயல்பாடு, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்துப் போட்ட மதிப்பெண்ணில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயிற்சியில் தொடங்கிய 59 பேரில் 23 பேர் அதற்குள் அறுவை செய்துகொண்டார்கள், ஐந்து ஆண்டில் அது ஏறக்குறையப் பாதியாயிற்று. மீதிப் பாதி கத்தியே படாமல் இருந்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிந்தால், அல்லது முட்டி கழன்றுகொண்டே இருந்தால், கணக்கு வேறு.

இதைப் படித்த அன்று எனக்கு வந்தது ஆறுதல் அல்ல, ஆத்திரம். காசு இல்லை, அதனால் அறுவை இல்லை, அதனால் ஆட்டம் இல்லை என்று பத்து ஆண்டாக நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு மறுக்கப்பட்டது அறுவைச் சிகிச்சை மட்டுமல்ல. தொடைத் தசையைக் கட்டியெழுப்பும் நாலைந்து மாதப் பயிற்சியும்தான். காசு அதிகம் வேண்டாத பகுதியைப் பற்றி என்னிடம் யாரும் வாயே திறக்கவில்லை. விளையாட்டு மருத்துவ ஆய்வுகளைப் படிக்கப் படிக்க இது எனக்கு உறுதியாயிற்று: அவை கண்டுபிடித்ததில் மிகவும் பயனுள்ளவை மருந்துக் கடையில் விற்கிற பொருள் அல்ல. பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்கிற காரியங்கள். விற்க முடியாததை யார் வந்து சொல்வார்கள்?

நம் ஊரிலேயே போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா வளாகத்தில் பந்துவீச்சாளரின் முழங்கை எத்தனை டிகிரி நீள்கிறது என்று கேமராக்களை வைத்து அளக்கும் கூடம் இருக்கிறது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்தது. பதினைந்து டிகிரிக்கு மேல் போனால் பந்து எறிதல் என்று அர்த்தம். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வியாசர்பாடிக்கும் போரூருக்கும் நடுவில் இரண்டு பஸ் மட்டுமல்ல, இன்னும் என்னென்னவோ இருக்கிறது.

சரி, இங்கே என்ன செய்யலாம்? எட்டு ஆண்டுகளாகக் காலை ஐந்தரை மணிக்கு, வேலைக்குப் போவதற்கு முன் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். பையன்களும் பெண்களுமாக முப்பது பேர். பந்தைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம் ஃபிஃபாவின் 'பதினொன்று கூட்டல்' பயிற்சி. 2006இல் உருவானது. மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கையை ஊன்றிக் கட்டைபோல் கிடப்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, ஓடிவந்து வெட்டுவது. இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராக இருக்க வேண்டும். பாதிப் பாடம் அதுதான். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையுள்ள 1,892 பெண்களை வைத்துச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் மொத்தக் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கால்பந்து, கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு ஏசிஎல் அறுவது ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். காரணத்தை இடுப்பெலும்பிலும் ஹார்மோனிலும் வெகுகாலம் தேடினார்கள். சிறு வயதிலிருந்தே பெண்களுக்குப் பலம் கூட்டும் பயிற்சி கொடுப்பதில்லையே, அதையும் பாருங்கள் என்று அண்மையில்தான் சில ஆய்வாளர்கள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் எந்தத் தாயைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்.

பிள்ளைகளுக்கு இந்த இருபது நிமிடம் பிடிக்கவே பிடிக்காது. அதிலும் தொடையின் பின்தசைக்கான ஒரு பயிற்சி வந்துவிட்டால் முனகல் தொடங்கிவிடும். சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் முட்டி போட வேண்டும். பின்னால் ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்வார். உடம்பை நேராக வைத்தபடி, மரம் சாய்வதுபோல் மெதுவாக, முடிந்தவரை தாங்கித் தாங்கி முன்னால் சாய வேண்டும். டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளில் 942 பேரை வைத்து இதைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். இதைச் செய்யாத அணிகளில் பின்தொடைக் காயம் 52, செய்த அணிகளில் 15. இவ்வளவு மலிவான பயிற்சிக்கு இவ்வளவு பலன் வேறெங்கும் நான் படித்ததில்லை. நமக்குள்ள சிக்கல் வேறு. முட்டி போடுவது இங்கே பள்ளிக்கூடத் தண்டனை. முதல் வாரமே ஒரு அப்பா வந்து, "என் மகன் என்ன தப்பு செய்தான் சார்?" என்று கேட்டார். அவரையும் சாக்கில் முட்டி போடவைத்துச் செய்துகாட்டச் சொன்னேன். மறுநாள் படி இறங்க முடியவில்லையாம். லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது பழைய கட்டுக்கதை. ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது ரத்தத்திலிருந்து போய்விடும். மறுநாள் வலி, பழகாத வேலையால் தசை இழைகளில் விழுந்த நுண்ணிய சேதத்தால் வருவது. இரண்டு மூன்று முறை செய்தால் அடங்கிவிடும்.

எங்கள் காலத்து மாஸ்டர் அரை மணி நேரம் உட்காரவைத்துக் காலை நீட்டிப் பிடிக்கச் சொல்வார், அப்போதுதான் சதை கிழியாது என்பார். ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து அதைச் சோதித்துவிட்டார்கள், 2000ஆம் ஆண்டிலேயே. நீட்டிப் பிடித்ததால் காயம் குறையவில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுதவைத்த பெண்ணைப் பற்றி. 2023இல் அவளுக்கு 17 வயது, அணியின் இடப்பக்க ஆட்டக்காரி. அம்மா ராயபுரத்தில் மீன் விற்கிறார். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிறவள்தான். காயத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. ஒரு மாலை குதித்து இறங்கினாள், எனக்குத் தெரிந்த அதே சத்தம். எழுந்து நிற்காதே என்று கத்திக்கொண்டு ஓடினேன். அரசு மருத்துவமனையில் நல்லபடியாக அறுவை நடந்தது. அவளுடைய பின்தொடைத் தசைநாண் ஒன்றை எடுத்து, அறுந்த ஜவ்வின் இடத்தில் பொருத்தினார்கள்.

பொருத்திய அந்த நாண் உடனே ஜவ்வாகிவிடுவதில்லை. முதலில் ரத்த ஓட்டம் இல்லாமல் அதன் உயிரணுக்கள் மடிகின்றன, பிறகு புதியவை குடியேறி, மாதக்கணக்கில் அதைப் புதிதாக நெய்கின்றன. நடுவில் சில வாரங்கள் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாகவே இருக்கும். கொடுமை என்னவென்றால், அந்த நேரத்தில் வலி இருக்காது.

ஆறாவது மாதம் அவள் ஓடினாள், சிரித்தாள். அடுத்த வாரம் கல்லூரி விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான தேர்வு. இடம் கிடைத்தால் கட்டணம் இல்லை, விடுதி இலவசம். அம்மா என்னிடம் வந்தார்.

"தம்பி, அவள்தான் ஓடுகிறாளே. ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஆடிவிட்டு வரட்டும்."

"ஒன்பது மாதம் ஆக வேண்டும் அக்கா."

"பிள்ளை பெறவே பத்து மாதம்தான். ஒரு முட்டிக்கு ஒன்பதா?"

என்ன பதில் சொல்வது? நார்வேயின் ஆஸ்லோவும் அமெரிக்காவின் டெலவேரும் சேர்ந்து நடத்தும் ஆய்வில் 106 பேரை இரண்டு ஆண்டு தொடர்ந்து பார்த்து, 2016இல் எழுதியிருக்கிறார்கள்: ஒன்பதாவது மாதம்வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம் படுவது பாதியாகக் குறைகிறது. அறுவை செய்த காலின் தொடை பலமும் தாவலும் நல்ல காலின் அளவில் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது உட்பட, சோதனைகளில் தேறித் திரும்பியவர்களில் மறுகாயம் 5.6 சதவீதம். தேறாமல் திரும்பியவர்களில் 38.2. இதை ஒரு மீன் கூடைக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வது? ஆஸ்லோவில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டும் ஒரு தேர்வு இருந்திருக்கும், அதுவரை வீட்டில் சோறும் இருந்திருக்கும். ஓய்வு என்ற மருந்தின் விலை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அச்சாவதில்லை.

சுண்ணாம்புக் கோடு கிழித்தேன். பக்கத்துத் தையல்காரரிடம் இஞ்ச் டேப் வாங்கிவந்தேன். அம்மாவை அருகில் நிறுத்திக்கொண்டு, ஒற்றைக் காலில் தாவி அதே காலில் நிற்கச் சொன்னேன். நல்ல கால்: 140 சென்டிமீட்டர். அறுவை செய்த கால்: 112. மூன்று முறையும் ஏறக்குறைய அதேதான். எண்பது சதவீதம். மூன்றாவது தாவலில் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்ததை அம்மாவே பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் அந்தத் தேர்வுக்குப் போகவில்லை. தேர்வு நடந்த அன்று காலை மைதானத்துக்கு வந்து, எல்லோரும் பந்தாடும்போது ஓரமாகப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அம்மா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இரவில் எனக்கே சந்தேகம் வரும். 38.2 என்றால் நூற்றில் அறுபது பேருக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை என்றுதானே பொருள்? அவள் அந்த அறுபதில் ஒருத்தியாக இருந்திருந்தால்? ஒரு கூட்டத்தைப் பற்றி ஆய்வு சொல்லும். ஒருத்தியைப் பற்றிச் சொல்லாது.

பத்தாவது மாதம் 131 சென்டிமீட்டர் தாவினாள். மறு ஆண்டு வேறொரு கல்லூரியின் தேர்வில் இடம் கிடைத்தது, பாதிக் கட்டணச் சலுகையோடு. முழுச் சலுகை அல்ல. அந்தப் பாதியை அவள் அம்மா இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இப்போது 44 வயது. ஏசிஎல்லோ மெனிஸ்கஸோ கிழிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து இருபது ஆண்டில் மூட்டுத் தேய்மானம் வருகிறது என்கிறார்கள். நான் வந்த பாதியில் இருக்கிறேன். மழைக்காலத்தில், அதிகம் ஓடிய நாட்களில், முட்டி வீங்கும். சென்ற மாதம் பயிற்சி முடிந்து மைதானத்துச் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தேன். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் அவள் அம்மா நின்றார். கூடைக்குள் கைவிட்டு, மீனுக்கு நடுவிலிருந்து ஒரு கை ஐஸை அள்ளி, பாலிதீன் பையில் போட்டு நீட்டினார்.

"ஐஸ் வைத்தால் ஆறாது என்று இப்போது எழுதிவிட்டார்கள் அக்கா" என்றேன்.

"ஆறாவிட்டால் போகட்டும். வலி குறையும் இல்லையா?" என்றார்.

குறைந்தது. வேலைக்குப் போன பிறகும் கால்சட்டையில் வஞ்சிர வாடை அடித்துக்கொண்டிருந்தது.